கையைத் தூக்கினால் போதும்

அக்டோபர் 27, 2023, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். டெக்சாஸில் இந்த ஊருக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இன்றைக்குத்தான் பள்ளி மைதானத்து ஒலிபெருக்கிக்காரர் என் மகனின் பெயரை முழுசாகச் சொன்னார். தேனப்பன் சொக்கலிங்கம். நடுவில் இரண்டு இடத்தில் அவருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது, பரவாயில்லை. இதுவரை எனக்கு ஒரு குட்மார்னிங் கூடச் சொல்லாத பக்கத்து இருக்கை அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கையிலிருந்த சோளப்பொரியில் பாதி என் தலையில் கொட்டியது.

எதிரணிப் பையன் ஒருவனை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கால் அசைந்ததைப் பார்த்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார். நல்லபடியாக இருக்கட்டும், முருகா.

அக்டோபர் 28, சனி

காலையிலேயே காரைக்குடியிலிருந்து தங்கை மெய்யம்மை கூப்பிட்டாள். இவர் வெற்றிச் செய்தியைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டார், ஆம்புலன்ஸ் வரைக்கும்.

"பந்த ஒதைச்சு வெளையாடுறதுக்கு எதுக்குக்கா ஆம்புலன்சு?" என்றாள்.

விளக்கினேன். இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். பந்து கையில் இருக்கிற அணி மூன்று முயற்சியில் முன்னேற முடியாவிட்டால், நான்காவதில் அதை எதிரணி பக்கம் தூரமாக உதைத்துவிடும். அதற்குப் பண்ட் என்று பெயர். எதிரணிப் பையன் ஒருவன் தன்னந்தனியாக அண்ணாந்து பார்த்தபடி நின்று அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும். அவன் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதைத்த அணிப் பிள்ளைகள் அரை மைதானத்தை முழு வேகத்தில் ஓடிக் கடந்து வருவார்கள். அவன் பிடித்த நொடியில் மோதலாம்.

"அடப்பாவிகளா. அவன் என்னதான் பண்றது?"

அவனுக்கும் வழி இருக்கிறது. பந்து இறங்கும் முன் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால் போதும், யாரும் தொடக்கூடாது. ஆனால் பிடித்த இடத்திலிருந்து அவன் ஓடவும் முடியாது. கையைத் தூக்காமல் பிடித்து ஓடுகிறவனைத்தான் ஊர் மெச்சும். நேற்று அந்தப் பையன் தூக்கவில்லை. ஓடிவந்து மோதியவன் எங்கள் தேனப்பன். பந்து சிதறி எங்கள் அணிக்குக் கிடைத்தது, ஜெயித்தோம்.

இவன் இந்த ஆட்டத்தில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, நானும் இவரும் பயிற்சியாளர் கான்லியிடம் போய்ப் பேரம் பேசினோம். பந்தை உதைக்கிற சமயத்துக்கு மட்டும் பையனை அனுப்புங்கள், ஒரு ஆட்டத்தில் நாலைந்து தடவைதானே அது வருகிறது என்றோம். இவருக்குக் கிரிக்கெட் நினைப்பு, எல்லைக்கோட்டு ஓரமாக நிற்கிற வேலை என்று எண்ணிக்கொண்டார். கறிகாய்க் கடையில் கொத்தமல்லியைக் கொசுறாக வாங்கிவிட்ட திருப்தி எனக்கு. கான்லி சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார். எதற்குச் சிரித்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

தேனப்பன் இன்று முழுக்கப் படுத்தே இருந்தான். களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 30, திங்கள்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இன்று வந்தவர்களெல்லாம் மருந்தை விட்டுவிட்டு மகனைப் பற்றித்தான் பேசினார்கள். பேக்கரியில் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஒரு முழுப் பலகாரத்தைச் சும்மா கொடுத்தார்கள். யாரோ எங்கள் கார்க் கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் அவனுடைய ஆட்டச் சட்டை எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், இந்த ஊர் வழக்கம் அது. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்த வீடு மாதிரி ஆகிவிட்டது எங்கள் வீடு. சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும், இருந்தது.

சாயங்காலம் தேனப்பன் வாளியில் தண்ணீர் எடுத்துப்போய் அந்தச் சாயத்தைக் கழுவிவிட்டான். மழை வந்தால் தானே போகுமே என்றேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனான்.

அந்தப் பையனின் பெயர் வயட் ப்ரூயிட். பக்கத்து ஊர். இன்னும் கண் விழிக்கவில்லையாம்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. சீயம் சுட்டேன். பூரணம் கொஞ்சம் தளர்த்தி, எண்ணெயில் பிரிந்துகொண்டு வந்தது. இவர் மட்டும் எட்டு தின்றுவிட்டு நெஞ்சு எரிகிறது என்றார்.

வயட் கண் திறந்துவிட்டான் என்று மதியம் போன் வந்தது. நான் கையிலிருந்த ஜாரிணிக் கரண்டியோடு ஓடிப்போய்த் தேனப்பனிடம் சொன்னேன்.

"பேசினானா?" என்று கேட்டான்.

"கண்ணத் தொறந்துட்டான்டா. மெதுவாப் பேசுவான்."

"யாரையாவது அடையாளம் தெரிஞ்சுதா?"

அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நல்ல நாளும் அதுவுமாக ஏன் இப்படிக் குடைகிறான் என்று எரிச்சல் வந்தது. ஒரு சீயத்தை வாயில் திணித்தேன். மென்றுகொண்டே எழுந்துபோய்க் குப்பைக் கூடையில் துப்பினான்.

டிசம்பர் 9, சனி

கடையில் கூட்டமில்லை. ஆண்கள் போடும் பெரிய ஜாக்கெட் அணிந்த ஒருத்தி வந்து சீட்டை நீட்டினாள். பெயரைப் பார்த்தேன். வயட் ப்ரூயிட். அவர்கள் ஊரிலிருந்த ஒரே மருந்துக்கடையை மூடிவிட்டதால் எல்லோரும் இங்கேதான் வர வேண்டும். வந்தவள் அவனுடைய அம்மா, டார்லீன்.

என்ன மருந்து என்று இங்கே எழுத மாட்டேன், தொழில் தர்மம். ஆனால் ஆறு வாரத்தில் வீடு திரும்பி ஓடியாடுகிற பையனுக்கு எழுதுகிற மருந்து இல்லை.

வேளைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். என் சட்டையில் உமையாள் என்று மட்டும்தான் இருக்கிறது, யாரென்று தெரிந்திருக்காது என்று நம்பினேன். பையை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

"உங்க பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் வாயில் வருகிற பதில் அது. சொன்ன பிறகு எனக்கு அந்தக் கவுண்டருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தேனப்பனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 16, 2024, செவ்வாய்

நேற்றுப் பொங்கல் அடிப்பிடித்தது, அதை விடுவோம். ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் வட்டாரத்துச் சின்னப் பள்ளிகளெல்லாம் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு லீக் வைத்திருக்கின்றன. அதன் விதிகளை ஏழு பேர் குழு ஒன்று வருடத்துக்கு ஒருமுறை கூடி மாற்றலாம். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். நான் பேசப்போகிறேன். பண்டில் பந்து கைக்கு வந்ததும் ஆட்டம் நிற்க வேண்டும். பிடித்த இடம் அவனுடையது. யாரும் தொடக்கூடாது, அவனும் ஓட வேண்டாம். கையைத் தூக்குவதா வேண்டாமா என்கிற கேள்வியே இருக்கக்கூடாது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதினாறு வயதுப் பையன் எப்படிக் கையைத் தூக்குவான்?

இவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அடிச்சவன் வீட்டுலேர்ந்து போய் விதிய மாத்துங்கன்னா எவன் கேப்பான்?"

"அடிச்சவன்னு சொல்லாதீங்க. விதியில எடமிருந்துச்சு, மோதினான்."

"நீ அந்தப் பையனுக்காகவா பேசப் போறே, உமா?"

"எல்லாப் பிள்ளைகளுக்காகவும்தான்."

அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நினைத்ததைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. விதிதான் தப்பு என்று ஏழு பெரிய மனிதர்கள் கூடிச் சொல்லிவிட்டால் என் பிள்ளை மேல் என்ன மிச்சம் இருக்கும்? ஒன்றும் இருக்காது. அவன் எழுந்து குளித்துச் சாப்பிட்டுப் பழையபடி என்னோடு சண்டை போடுவான். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நான் பேசப்போவது ஊருக்குள் தெரிந்துவிட்டது. பேக்கரியில் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கிறார்கள். சோளப்பொரி அம்மாளை வழியில் பார்த்தேன், அவள் சட்டென்று கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள். பாவம், அந்தப் பைக்குள் அவ்வளவு நேரம் தேட என்ன இருந்ததோ.

மாலையில் கான்லி வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், இந்த ஆட்டத்தோட பாதி அழகே அதுலதான் இருக்கு. ஒரு பையன் தனியா நிக்கிறான். பத்துப் பேர் அவனை நோக்கி வர்றாங்க. அவன் அவங்களுக்கு நடுவுல புகுந்து ஓடுறான். அதைப் பாக்கத்தான் ஜனங்க வர்றாங்க."

"ஓட முடியாம விழுந்தவன்?"

"அது விபத்து."

"மத்த நேரத்துல வராத விபத்து பண்டுல மட்டும் ஏன் வருது?"

"வரும்தான். நின்னுட்டு இருக்கிறவன் மேல நாப்பது கஜம் ஓடி வந்து மோதினா வரும்." கொஞ்சம் தயங்கினார். "நீங்கதானே மேடம், உங்க பையனை அதுக்கு மட்டும் அனுப்பச் சொன்னீங்க?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. நல்ல மனிதர், அதுதான் தாங்க முடியவில்லை. டீயில் இஞ்சியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு இருமிக்கொண்டே போனார்.

மார்ச் 12, செவ்வாய்

டார்லீன் வந்தாள். மாதாமாதம் வருகிறாள். இன்றைக்கு மாத்திரைப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"இது தண்ணியா கிடைக்குமா? அவனால முழுங்க முடியல. ரெண்டு தடவை மூச்சு முட்டிடுச்சு."

மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசித் திரவமாக வரவழைக்க ஏற்பாடு செய்தேன். அளக்கும் ஊசிக்குழலை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். என் கையைப் பார்த்துச் செய்தாள். இரண்டு பேர் விரலும் ஒரே குழலில் இருந்தன. அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஏப்ரல்ல விதிக் குழு கூடுது. நான் பேசப் போறேன். நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை சொன்னா அவங்களால மறுக்கவே முடியாது. வயட்டுக்கு ஆனது இன்னொரு பிள்ளைக்கு ஆக வேண்டாம்."

ஊசிக்குழலைப் பைக்குள் வைத்தாள்.

"வர்றேன்" என்றாள்.

அவ்வளவுதான், ஆனால் அது போதாதா? மறுத்து ஒரு சொல் சொல்லாமல் வருகிறேன் என்கிறாள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தட்டு மாற்ற நாள் பார்த்திருப்போம். வீட்டுக்கு வந்து இவரிடம் ஜெயித்தாயிற்று என்றேன். தேனப்பனிடமும் சொன்னேன்.

"அவங்களே வர்றாங்களா?" என்றான். முகம் வெளிறிப்போயிற்று.

ஏப்ரல் 18, வியாழன்

கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. குழுவின் ஏழு பேர் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஹாஸ்கெல் வழவழவென்று சவரம் செய்த மனிதர், வாக்கியத்துக்கு இரண்டு மேடம் போடுகிறவர். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். இவர் வேண்டாம் என்றார். எனக்கு நடுங்கும்போது புடவை கட்டினால்தான் நிமிர்ந்து நிற்க வரும்.

எழுதிவைத்ததை வாசித்தேன். மோசமில்லை. "எல்லோரும் ஓடுகிற ஆட்டத்தில் ஒருவனை மட்டும் நிற்கவைத்து வானத்தைப் பார்க்கச் சொல்கிறோம். பிறகு மற்றவர்களை அவன் மேல் ஏவுகிறோம். ஏவப்பட்டவனும் குழந்தைதான்" என்ற இடத்தில் குழுவிலிருந்த டாக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒருவர் மட்டும், ஓடவிடாவிட்டால் அப்புறம் பண்டில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். உயிரோடு இருக்கிற பையன் இருக்கிறான் என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தேனப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு டார்லீன் எழுந்தாள். அதே ஜாக்கெட்தான். என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"என் பையன் பேரை இன்னிக்கு நிறைய பேர் சொல்லிட்டாங்க, நானும் சொல்லிக்கிறேன். வயட்டுக்குக் கையைத் தூக்கத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து தெரியும். அன்னிக்கு அவன் தூக்கல. யாரும் அவனை ஏமாத்தல, அவனேதான் முடிவு பண்ணான். என்ன வருதுன்னு தெரிஞ்சு நின்னான். நின்னு பந்தைப் பிடிச்சான், நீங்க எல்லாரும் பாத்தீங்க.

"இப்ப அவனால கரண்டியைப் பிடிக்க முடியல. என் பேரு சில நாள் தெரியுது, சில நாள் தெரியல. அவன் படுக்கைக்கு எதிர்ல அந்தப் படத்தை மாட்டியிருக்கேன், தனியா நின்னு மேல பாக்குற படம். அதைக் காட்டி தினமும் சொல்றேன், நீ பயப்படாம நின்னே வயட்னு. அவன்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். விதியே தப்புன்னு நீங்க இன்னிக்கு எழுதிட்டா நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்லட்டும்? உன்னை அங்க நிக்கவச்சதே பெரியவங்க பண்ணின பிழைன்னா? நீ வீணாப் போயிட்டேன்னா? வேண்டாம். விட்டுடுங்க."

உட்காரப் போனவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இது எதுக்கு வேணும்னு எனக்குப் புரியுது மேடம். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனா எனக்கும் ஒண்ணு வேணுமே."

ஐந்துக்கு இரண்டு, தோற்றுவிட்டேன். டாக்டர் அம்மாளும் இன்னொருவரும் எனக்குக் கை தூக்கினார்கள். அதன் பிறகு, அடுத்த வருடம் முழுக்க எல்லாப் பிள்ளைகளின் ஹெல்மெட்டிலும் வயட்டின் எண்ணை ஒட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தலைக்குப் பாதுகாப்புக் கேட்டேன், தலைக்கு ஸ்டிக்கர் கிடைத்தது.

காரில் வரும்போது தேனப்பன்தான் முதலில் பேசினான்.

"அவங்க சொன்னது சரிதாம்மா."

"என்னடா சரி?"

"அவன் நின்னான்னு சொன்னாங்கல்ல. அவன் முடிவு பண்ணான். அப்ப நானும் முடிவு பண்ணியிருக்கேன்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கண் இமைக்கிற நேரம்."

"இல்லம்மா. எனக்கு நேரம் இருந்துச்சு. அவன் மேல பாத்துட்டே இருந்தான், கழுத்து தெரிஞ்சுது. நான் வேகத்தக் கொறச்சு, தோளப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். மோதணும்னு விதி சொல்லல. மோதலாம்னுதான் சொல்லுது."

"பேசாம வாடா" என்று கத்தினேன். இவர் ரேடியோவைப் போட்டார். அதில் ஏதோ மாட்டுச்சந்தை நிலவரம் போய்க்கொண்டிருந்தது. வீடு வரும்வரை மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

ஏப்ரல் 19, வெள்ளி

வேலைக்குப் போனேன். வந்து ரசம் வைத்தேன்.

மே 14, செவ்வாய்

ப்ரூயிட் வீட்டு மருந்து இனிமேல் தபாலில் போகுமாம், கணினியில் குறிப்பு வந்திருந்தது. டார்லீன் இனிக் கடைக்கு வர மாட்டாள். அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததே என்று அழுகையும் வந்தது. மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

நல்ல நாள். எவ்வளவு மாதம் கழித்து இப்படி எழுதுகிறேன்!

தேனப்பன் காலையில் தானாக எழுந்து இட்லி கேட்டான். கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு இவரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். இவர் செருப்புக் காலோடு பந்தை மேலே உதைக்க வேண்டும், அவன் பிடிக்க வேண்டும். முதல் பந்து வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு நாயிடம் போனது. இரண்டாவதில் செருப்பு பந்தைவிட உயரமாகப் போனது. நான் சமையலறை ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

போகப் போக இவருக்கும் கை வந்துவிட்டது, அதாவது கால். தேனப்பன் ஒன்றைக்கூட விடவில்லை. "பந்து எறங்கும்போது என்னைப் பாத்து ஓடி வாங்கப்பா, கத்திக்கிட்டே வாங்க" என்றான். அறுபது வயதைத் தொடப்போகிற மனிதர் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு ஆய் ஊய் என்று கத்தியபடி ஓடினார். அவன் அசையவே இல்லை, மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன விளையாட்டோ. என் பழைய பிள்ளை திரும்பிக்கொண்டிருக்கிறான், எனக்கு அது போதும்.

ஜூலை 6, சனி

தேனப்பனுக்குப் பதினெட்டு. காலையில் மூன்று மணி நேரம் ஓட்டிப் போய்க் கோயிலில் அர்ச்சனை செய்தோம். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், அவனே பூரட்டாதி என்று சொன்னான். ஞாபகம் வைத்திருக்கிறானே என்று பெருமையாக இருந்தது.

திரும்பும்போது, "இனிமே எல்லாத்துக்கும் நானே கையெழுத்துப் போடலாம்லம்மா?" என்றான். பேங்க் கணக்கைச் சொல்கிறான் என்று நினைத்து, தாராளமாகப் போடு என்றேன்.

மாலைகளில் இப்போதும் பின்கட்டில் அதே விளையாட்டுதான். அவன் தோள் அகன்றுவிட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளி அணியின் பயிற்சி இன்று தொடங்கியது. தேனப்பன் ஆறு மணிக்கு வியர்வையோடு வீட்டுக்குள் வந்தான். தோளில் அணியின் பை தொங்கியது.

"சேந்துட்டேம்மா. நானே கையெழுத்துப் போட்டேன்."

அடுப்பை அணைத்தேன். ஏனென்று தெரியவில்லை, முதலில் அதைத்தான் செய்தேன்.

"திரும்பவும் ஓடப் போறியா? இன்னொருத்தன் மேல மோதவா?"

"இல்ல. அந்த எடம் வேணாம்னு கான்லிகிட்ட சொல்லிட்டேன். பந்து பிடிக்கிற எடம் கேட்டேன். அங்க நிக்க யாரும் சரியா இல்லையாம். என்னைப் பாத்துட்டு உடனே சரின்னுட்டார்."

இரண்டு மாதம் நான் ஜன்னலில் நின்று சிரித்தது இதற்குத்தான். கூடத்திலிருந்து இவர் எழுந்து வந்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. தான் யாரைப் போல ஓடிவந்தோம் என்று புரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி, நில்லு" என்றேன். "வேணாம்னா நீ கேக்கப் போறதில்ல. நில்லு. ஆனா கையத் தூக்கிடணும். ஒவ்வொரு தடவையும் தூக்கிடணும். தூக்கினா எவனும் தொட மாட்டான். அது விதியில இருக்கு."

அவன் தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தான்.

அவன் வலக்கையை இழுத்து என் உச்சந்தலையில் வைத்துக்கொண்டேன். "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. கையத் தூக்குவேன்னு சொல்லு. சொல்லுடா."

கை சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக, என் முடி கலையாமல் எடுத்துக்கொண்டான்.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேம்மா" என்றான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கான்லிக்குப் போன் செய்தேன். பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது மேடம், நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கையைத் தூக்கச் சொல்லி உத்தரவு போடுங்கள் என்றேன். அது நிற்கிறவன் இஷ்டம், விதி அப்படி என்றார். அந்த விதியை நான் மனப்பாடமாகச் சொல்வேன், என்னிடமே சொல்கிறார்.

இவர் பந்தை எடுத்துக் கார்க் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். என்ன பிரயோஜனம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இந்த வருடத்தின் முதல் ஆட்டம். போக மாட்டேன் என்று மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன், போனேன். பிள்ளைகள் வரிசையாக ஓடி வந்தார்கள். எல்லா ஹெல்மெட்டிலும் வயட்டின் எண் இருந்தது, தேனப்பனுடையதிலும். முழு மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது.

கொஞ்ச நேரத்திலேயே எதிரணி முன்னேற முடியாமல் நின்றது. பண்ட். தேனப்பன் தன்னந்தனியாகப் பின்னால் போய் நின்றான். அவ்வளவு பெரிய புல்வெளியில் அவனைச் சுற்றி யாருமே இல்லை.

பந்து மேலே போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் அவன் கையைப் பார்த்தேன். எதிரே இரண்டு பேர் கோட்டைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் ஒல்லியாக, போன வருடத்துத் தேனப்பன் அளவுதான் இருந்தான். அவனுக்கும் ஓர் அம்மா எங்கோ உட்கார்ந்திருப்பாள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "கையத் தூக்குடா! அப்பா, சாமி, கையத் தூக்குடா!" அந்தக் கூட்டத்தில் இவரைத் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. என் பிள்ளைக்குப் புரிந்தது. தலை ஒரு கணம் என் பக்கம் திரும்பியது. பிறகு மறுபடி அண்ணாந்து, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே குவித்துக்கொண்டு நின்றான்.

பிடித்தான். ஓட ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை, அப்படியே நின்றான். அந்த ஒல்லிப் பையன் நேராக வந்து மோதினான். அந்தச் சத்தம் மேல் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், இப்போதும் சிவந்திருக்கிறது. தேனப்பன் கிடந்தான். முதலில் காலை மடக்கினான், பிறகு எழுந்தான். பந்து கையிலேயே இருந்தது. ஊர் கத்தியது.

அதற்குப் பின்னும் நாலு தடவை நின்றான். ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது காரின் பின்னிருக்கையில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டேன். தலை சுற்றுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, இன்று என்ன கிழமை. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான்.

"எங்கடா வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலம்மா" என்றான். ஏமாந்துபோனவன் குரலில் சொன்னான்.

அடுத்த வெள்ளி வெளியூரில் ஆட்டம். நவம்பர் வரைக்கும் எல்லா வெள்ளியும் இருக்கிறது.